புதுச்சேரியில் உணவு நடை: வழிகாட்டியோடு போவதா, நாமே சுற்றுவதா, ஒரு வீட்டில் போய் உட்காருவதா?

கடலூர் முதுநகரில் இருக்கும் தோழி ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். பாரிசிலிருந்து அவள் நாத்தனார் குடும்பம் வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேர், தமிழ் புரியும், பேச்சு அரைகுறை. கூடவே எழுபது தாண்டிய மாமியார். "பாண்டியில தெருத்தெருவா நடக்க வெச்சு சாப்பிட வைக்கிறாங்களாமே, அதுல சேர்ந்துடட்டுமா? இல்ல நானே கூட்டிட்டு சுத்தட்டுமா? யாரோ வீட்டுலயே சமைச்சுப் போடுறாங்கன்னும் சொல்றாங்க" என்றாள். இதே கேள்வியை வேறு வேறு ஊர்க்காரர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று விதமாகவும் விருந்தாளிகளைக் கூட்டிப் போயிருக்கிறேன், இரண்டு தடவை தவறான வழியைத் தேர்ந்தெடுத்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில், எதைத் தேடி நடக்கிறோம்?

பாண்டி வந்தேறியவர்களால் ஆன ஊர். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகத்துக்குக் கால் ஊன்றினார். இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த நேர்நேரான தெருக்களுக்குத் திட்டம் போட்டவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1908-ல் பாரதி வந்தார், 1910-ல் அரவிந்தர் வந்தார். ஆசிரமம் வளர வளர வங்காளிகளும் குஜராத்திகளும் ஒடியாக்காரர்களும் வந்து குடியேறினார்கள். ஊரின் தெற்கே காஜியார் தெரு, முல்லா வீதிப் பக்கம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன.

இதில் வெளியூர்க்காரர்கள் அதிகம் அறியாத கதை சைகோன் கதை. 1881-ல் வந்த ஓர் ஆணைப்படி, விரும்பிய இந்தியர்கள் தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போகலாம், குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அப்படிப் போனவர்களில் நிறையப் பேர், வியட்நாமும் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவரைப் பாண்டியில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறோம். சிலர் அங்கேயே வியட்நாமியப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1954-ல் வியட்நாமின் தியன் பியன் பூ போரில் பிரான்ஸ் தோற்ற பிறகு கொஞ்சம் பேர், 1975-ல் சைகோன் விழுந்தபோது இன்னும் கொஞ்சம் பேர் என்று குடும்பங்கள் இங்கே திரும்பின. அவர்களோடு அரிசித்தாள் சுருளும் மீன் சாறும் வந்தன.

சென்னையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பிழைப்புக்காகப் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் கடை போட்டார்கள். அதனால் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் இன்று தெருவில் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் நின்று சாப்பிடலாம். சைகோனிலிருந்து பாண்டிக்குத் திரும்பிய பல வீடுகளில் பிரெஞ்சுப் பென்ஷன் இருந்தது. தெருவில் அடுப்பு வைக்கும் தேவை வரவில்லை. அந்தச் சமையல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டும் வெளியே வாசம் வரும். நான் பார்த்து, கேட்டு, எனக்குப் பட்ட காரணம் இது. இங்கே நல்ல சாப்பாட்டில் பாதி, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கதவைத் திறப்பதற்குத்தான் போக வேண்டும். தெருவில் விலை ஒட்டி விற்கிற குரோசான் என்ற பிரெஞ்சு ரொட்டிக்கு யாருடைய அறிமுகமும் வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

கால். உணவு நடை என்றால் சாதாரணமாக இரண்டரை, மூன்று மணி நேரம். தூரம் குறைவுதான், ஆனால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். முட்டி வலி உள்ளவருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டம்.

வயிறு. சைவமா, மாட்டிறைச்சி, பன்றி ஆகாதா, சர்க்கரையா? பாண்டிச் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைய ஒளிந்திருக்கும். காய்கறிச் சுருள் என்று கொடுத்தாலும் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் மீன் சாறு இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்கில் ரம்மில் ஊறிய திராட்சை இருக்கும். கேட்டுவிட்டு வாயில் வைக்க வேண்டிய ஊர் இது.

கதவு. நீங்களாகப் போனால் நுழைய முடியாத இடத்துக்கு இந்த வழி உங்களைக் கூட்டிப் போகுமா?

மொழி. நடத்துகிறவர்களில் பலர் ஆங்கிலத்தில் பேசுவார்கள், சிலர் பிரெஞ்சில். மாமியாருக்கு யார் சொல்வது?

மொத்தச் செலவு. விளம்பரத்தில் இருக்கும் தலைக்கு இவ்வளவு என்பதோடு செலவு நிற்காது.

## வழிகாட்டியோடு கூட்டமாகப் போவது

நல்ல வழிகாட்டி கிடைத்தால் இதற்கு ஈடு இல்லை. ஒரு தடவை, ஒரு பெண் எங்களைப் பெரிய மார்க்கெட்டுக்குள் கூட்டிப் போனார். பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர். ஊருக்குள் எல்லாருக்கும் அது பெரிய மார்க்கெட்தான். உள்ளே ஒரு மூலையில் வடகம் விற்கும் அம்மாவிடம் நிறுத்தி, "அக்கா, இவங்க வடகம் பார்க்க வந்திருக்காங்க" என்றார். அந்த அம்மா ஓர் உருண்டையை உடைத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, நாள் கணக்கில் வெயிலில் காயவைத்து எடுப்பது. "இதையேதான் பிரெஞ்சுக்காரர்கள் வதுவான் என்று சொல்கிறார்கள், அங்கே பெரிய ஓட்டல்களில் தூளாகத் தூவுகிறார்கள்" என்று வழிகாட்டி சொன்னபோது, எங்களோடு வந்த பிரெஞ்சுப் பையன் கையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குத் தாளிக்கும் வடகத்துக்கு இப்படி ஒரு பயணம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இன்னொரு தடவை நடந்ததையும் சொல்ல வேண்டும். வேறொரு நடையில் பதினான்கு பேர். வழிகாட்டி முன்னால் பேசுவது பின்னால் கேட்காது. ஒரு குரோசான், ஒரு காபி, கடைசியில் ஐஸ்கிரீம். நடுவில் முழுக்க மஞ்சள் சுவர்களின் கதை. மூன்றுமே நாமே போய் வாங்கிச் சாப்பிடக்கூடியவை. என்னோடு வந்த சித்தி பசியோடு வீட்டுக்கு வந்து தயிர்ச் சோறு சாப்பிட்டாள். பணம் போனதைவிட அவளை வெயிலில் நிற்க வைத்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு நடைக்கு அதிகபட்சம் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் யோசியுங்கள். சாப்பாடு கட்டணத்துக்குள் அடக்கமா, ஒவ்வொரு கடையிலும் நாம் கொடுக்க வேண்டுமா? எத்தனை இடத்தில் உட்கார நாற்காலி உண்டு, கழிப்பறை எங்கே? சைவம் என்றால் மாற்றுத் தின்பண்டம் தருவார்களா, அந்த இடத்தில் சும்மா நிற்க வேண்டுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: நீங்கள் நிறுத்தும் இடங்களில், நான் தனியாகப் போனால் கிடைக்காதது எது? இதற்குச் சட்டென்று பதில் சொல்கிறவரை நம்பலாம்.

மறைந்திருக்கும் செலவு: கொடுப்பது எல்லாம் ருசி பார்க்கும் அளவுதான், பிறகு இன்னொரு சாப்பாட்டுக்குச் செலவு வரும். தண்ணீர், வழிகாட்டிக்குக் கையில் கொடுப்பது, புறப்படும் இடம் வரை ஆட்டோ. தலைக்கு 1500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் குடும்பத்துக்கு 9000. அதே அளவு பணத்துக்குச் சிலர் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக நடத்தித் தர ஒப்புக்கொள்வார்கள். நான்கு பேருக்கு மேல் இருந்தால் தனி நடைக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் கூட்டத்தில் சேராதீர்கள். தனி நடையில் வேகம் உங்கள் கையில் இருக்கும், தமிழிலும் சொல்லச் சொல்லலாம்.

தனியாக ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும், கதை கேட்கப் பிடித்த இளைஞர்களுக்கும், தமிழ் தெரியாத விருந்தாளிகளுக்கும் இதுதான் சரி. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போக இது ஏற்றதல்ல.

## நாமே சுற்றுவது

தமிழ் பேசுகிறவர்களுக்கு இருக்கும் பெரிய வசதி, யாரிடமும் நின்று பேசலாம். மீன்காரம்மாவிடம் "இது என்ன மீன் அக்கா, எப்படிச் செய்வீங்க" என்று கேட்டால் போதும், செய்முறையோடு சேர்த்துக் குடும்பக் கதையும் வரும். எந்தக் கட்டண நடையிலும் அது இத்தனை தாராளமாகக் கிடைக்காது.

கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முதல் பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்குள் பெரிய மார்க்கெட்டில் இருக்கலாம். நேரு வீதிப் பக்கம் நுழைந்து பூக்கடை, காய்க்கடை தாண்டி மீன் பக்கம் போங்கள். காலையில் போவதுதான் சரி, மீன்காரம்மாக்கள் கூவும் சத்தமே தனி. அப்புறம் வெளியே வந்து இட்லி வடை. அருகிலேயே ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர், பாக்கு வணிகமும் செய்தவர். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தால் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லத் தோன்றும். பிறகு வைசியாள் வீதி. திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் உள்ள வீடுகள், நிழல் இருக்கும்.

பத்தரைக்கு மேல் நடக்காதீர்கள். சித்திரை, வைகாசி என்றால் ஒன்பதரைக்கே நிறுத்திவிடுங்கள். மறுபடி நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும். மாலையில், பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி ரொட்டிக் கடைகள், பிறகு தெற்கே முஸ்லிம் தெருக்கள், கடைசியில் கடற்கரைச் சாலை. ரம்ஜான் மாதம் என்றால் வரிசையை மாற்றி, மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் காஜியார் தெருப் பக்கம் போய்விடுங்கள். நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் வருவார்கள். சமோசாவும் வாடா என்ற பலகாரமும் சட்டியிலிருந்து சுடச்சுட எடுப்பார்கள்.

ஒரு குறை உண்டு. கடைகள் தெரியும், வீடுகள் தெரியாது. சைகோன் கதையை ஒரு சுவரிலிருந்து படித்துவிட முடியாது. முதல் கடையிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவது இன்னொரு ஆபத்து. ஆறு பேருக்கு இரண்டு பங்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும். கார் கொண்டுவந்தால் பாதி மாலை நிறுத்த இடம் தேடுவதில் போகும், சனி ஞாயிறில் சொல்லவே வேண்டாம். ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாளும் கூட, ஆசிரமப் பக்கம் பெரிய கூட்டம் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆட்டோக்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். கால் முடியாதவர்களுக்கு இடத்துக்கு இடம் போக நல்லது. சாப்பாட்டை மட்டும் அவர் தேர்வுக்கு விடாதீர்கள், நீங்கள் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள்.

## ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது

இது நடையே இல்லை என்பீர்கள். ஆனால் பாண்டியின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கிரியோல் (ஐரோப்பிய, இந்தியக் கலப்பு வழி வந்த) குடும்பங்கள், சைகோன் தொடர்புள்ள குடும்பங்கள் சிலர் முன்கூட்டியே சொன்னால் வீட்டில் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பெரிய விளம்பரம் இருக்காது. தங்கும் விடுதிக்காரரிடமோ, ரொட்டிக் கடையிலோ, சர்ச்சில் தெரிந்தவர்களிடமோ விசாரித்தால் ஒரு போன் நம்பர் கிடைக்கும்.

நான் போன வீட்டில் சமைத்த அக்காவின் ஆயா, அதாவது பாட்டி, சைகோன்காரர். அரிசித்தாளை ஈரத் துணியில் தொட்டு மென்மையாக்கி, கண்ணாடிச் சேமியாவும் நண்டும் வைத்துச் சுருட்டிப் பொரித்தார். தெற்கு வியட்நாமில் சா யோ என்பார்கள். ஒரு தட்டு நிறையக் கீரை இலையும் புதினாவும் வைத்தார். சுருளை இலையில் மடித்து, எலுமிச்சை, சர்க்கரை, மிளகாய், பூண்டு கலந்த மீன் சாற்றில் தோய்த்துக் காட்டினார். பின்னாலேயே வடகம் தாளித்த கறி வந்தது, காரம் நம் வீட்டைவிடப் பாதி. ஒரே மேஜையில் மெக்கோங் ஆறும் தென்பெண்ணை ஆறும் ஓடின. சாப்பாட்டுக்கு நடுவே அவர் ஆயாவின் படத்தை எடுத்து வந்து காட்டினார், தமிழ்ச் சேலை கட்டிய வியட்நாமிய முகம். எந்தத் தெருமுனையில் நின்று யார் சொன்னாலும் அந்த ஒரு படத்துக்குச் சமம் ஆகாது.

இதன் செலவைச் சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். தலைக்கு என்று பார்த்தால் நடையைவிட அதிகமாகத் தெரியும். ஆனால் அது முழுச் சாப்பாடு, மறுபடி ஓட்டலுக்குப் போக வேண்டியதில்லை. மறைந்திருப்பவை வேறு. குறைந்தது இத்தனை பேர் என்று சொல்வார்கள், இரண்டு பேர் போனாலும் நான்கு பேருக்குக் கொடுக்க வேண்டிவரும். என்ன சமைக்கிறார்களோ அதுதான், பட்டியல் நீட்ட மாட்டார்கள். முன்தினமே நண்டும் இறாலும் வாங்கிவிடுவார்கள், கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அது அந்தக் குடும்பத்தின் நஷ்டம். நாள் முடிவாகாமல் சொல்லாதீர்கள். சைவம் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். மீன் சாறு இல்லாமல் சோயா வைத்துச் செய்து தருவார்கள், ஆனால் ருசியில் பாதி போய்விடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முழுச் சைவக் குடும்பத்துக்கு இந்த வழி வேண்டாம், மார்க்கெட்டும் தமிழ்த் தெருக்களும் அவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காராத சிறுபிள்ளைகள் இருந்தாலும் யோசியுங்கள். கேட்காமல் வீட்டைப் படம் எடுக்காதீர்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு சீப்புப் பழமாவது கொண்டு போங்கள்.

## ஒரே பார்வையில்

| | கூட்டமாக, வழிகாட்டியோடு | நாமே சுற்றுவது | வீட்டு மேஜை |
|---|---|---|---|
| வயதானவர்கள் | நிற்பது கஷ்டம் | நம் வேகத்தில் | மிக வசதி |
| சைவம் | கேட்டு உறுதி செய்ய வேண்டும் | சுலபம் | முன்பே சொல்ல வேண்டும், பாதி ருசிதான் |
| கதவு திறக்குமா | வழிகாட்டியைப் பொறுத்தது | கடைகள் மட்டும் | திறந்தே இருக்கும் |
| மொழி | பெரும்பாலும் ஆங்கிலம் | தமிழ் | தமிழ், பிரெஞ்சு |
| வயிறு நிறைவது | நிறையாது | நம் கையில் | நிறையும் |
| மறைந்த செலவு | இன்னொரு சாப்பாடு, கைக்காசு | ஆட்டோ, வண்டி நிறுத்தம் | குறைந்தபட்ச ஆள் கணக்கு |
| திட்டம் மாறினால் | கட்டணம் திரும்புமா என்று கேளுங்கள் | பிரச்சினை இல்லை | அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் |

இந்த அட்டவணையில் அடங்காத ஒன்று, அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள். வெள்ளைக்காரத் தெருக்களில் வீட்டுவாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடும் கூட்டத்தைப் பார்த்து அங்கே இருப்பவர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். முஸ்லிம் தெருக்களில் தொழுகை நேரத்தில் இருபது பேர் நடுத்தெருவில் நின்று உரை கேட்பது சரியல்ல. ஒரு வழிகாட்டி நல்லவரா என்று எனக்குத் தெரிவது இங்கேதான். அவர் கூட்டத்தை ஓரமாக நிறுத்துகிறாரா, கடைக்காரரின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, குப்பையைக் கையில் வாங்கிக்கொள்கிறாரா என்று பார்ப்பேன்.

## தோழிக்கு நான் சொன்னது

கூட்ட நடை வேண்டாம் என்றேன். காலையில் பிள்ளைகளையும் நாத்தனாரையும் மட்டும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். மாமியார் பதினொரு மணி பஸ்ஸில் நிதானமாக வரட்டும், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் நேராக அந்த அக்கா வீட்டுக்கு. மதியம் எல்லாரும் ஒரே மேஜையில். மாலை கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்பலாம். பிள்ளைகள் அப்புறமும் கேட்டால், இன்னொரு நாள் அவர்கள் இருவருக்கு மட்டும் ஒரு நல்ல வழிகாட்டியைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அப்படியே செய்தார்கள். மீன் சாற்றுக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்த மாமியார், "நெத்திலிக் கருவாடு ஊறின தண்ணி மாதிரி இருக்கே" என்றாராம். சமைத்த அக்கா சிரித்துவிட்டு, "அதேதான் அம்மா, நெத்திலிய உப்புல போட்டு மாசக்கணக்கா ஊற வெச்சு வடிக்கிறது" என்றாராம். அதற்கப்புறம் இரண்டு பேரும் அடுப்படியிலேயே இருந்துவிட்டார்கள், பிள்ளைகள் போய்க் கூப்பிடும் வரை வரவில்லை. போன வாரம் மாமியார் பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ கட்டி, யார் கையிலோ பாண்டிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.